டைகரின் தோளில் இருந்த எண்

மாரியம்மனை நம்பி வாழும் எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில் உள்ள உலு திராம் என்ற ஊரில் இருக்கிறேன். சென்ற ஆண்டு என் ஒரே மகள் கவிதா, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துவிட்டாள். அவள் வளர்த்த நாய் டைகர் எங்களோடு இருந்தது. என் கணவர் அன்றிலிருந்து மனிதர்களோடு பேசுவதையே விட்டுவிட்டார். பேசினால் டைகரோடுதான்.

ஐப்பசியில் கவிதாவுக்கு முதல் திதி வந்தது. வீட்டைக் கழுவி, டைகரையும் குளிப்பாட்டினோம். படையல் போடும் இடத்தில் தோல் பொருள் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் என் கணவர் டைகரின் கழுத்துப் பட்டையைக் கழற்றி வெளியே மாட்டினார். நகராட்சி தந்த நாய் லைசென்ஸ் வில்லையும் அதில்தான் இருந்தது. உறவினர்களுக்காகக் கேட் திறந்திருந்தது. படையலின்போது பெரிய இடி விழுந்தது. டைகர் மிரண்டு ஓடிவிட்டது.

கடைவரிசை, செம்பனைத் தோட்டம் எல்லாம் மழையிலேயே தேடினோம். பட்டை இல்லாத நாயை யார் வீட்டு நாய் என்று எவர் விசாரிப்பார்? என் கணவர் சாப்பாட்டை ஒதுக்கினார். ஒருநாள் காலையில், "அவளும் போய்ட்டா, இதுவும் போச்சு. இனி நான் எதுக்கு?" என்றார். நான் நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். "என் புள்ளைய எடுத்துக்கிட்ட. இந்த மனுசனையும் எடுக்கப் போறியா? உனக்குக் கண்ணு இல்லையா?"

வீடு திரும்பியபோது கவிதாவின் கைத்தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்து என் கணவர் அதற்கு இன்னமும் சார்ஜ் போட்டுவந்தார். எடுத்தேன்.

"ஹலோ, கவிதாவா?"

"நான் அவ அம்மா" என்றேன்.

பேசியவர் கால்நடை மருத்துவர். "உங்க நாய் இங்க இருக்கும்மா. கார் மோதியிருக்கு. ஆள் இல்லாத நாய்னா ஊசி போட்டு முடிச்சிருப்போம். ஸ்கேன் பண்ணிப் பார்த்தா தோள்ல தோலுக்கு அடியில அடையாளச் சிப் இருக்கு. அந்தச் சிப் எண்ணோட பதிவுல கவிதாங்கிற பேரும் இந்த போன் நம்பரும்தான் இருந்துச்சி."

கவிதா எப்போது சிப் போட்டாள் என்பதே எங்களுக்குத் தெரியாது.

டைகர் பிழைத்தது. பின்னங்கால் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் அதற்குப் பக்கத்துக் கூண்டில் ஒரு பழுப்பு நாய் கிடந்தது. அதற்குச் சிப் இல்லை. மறுநாள் அந்தக் கூண்டு காலியாக இருந்தது. அதைத் தேடி எந்த வீட்டில் அழுதார்களோ.

பதிவை மாற்றலாமா என்று மருத்துவர் கேட்டார். "நம்பர மட்டும் மாத்துங்க டாக்டர். பேரு எம்மவ பேராவே இருக்கட்டும்" என்றார் என் கணவர். அன்று இரவு அவர் சாப்பிட்டார்.

என் மகளை அம்மா திருப்பித் தரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு. ஆனால் என் கணவரைத் தந்தாள். அதற்காக வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் வாசலில் நிற்கிறேன். உங்கள் வீட்டு நாய்க்கும் பூனைக்கும் சிப் போட்டுவிடுங்கள். துயரம் வந்தால் அம்மாவிடம் போங்கள். கும்பிட மனம் வராவிட்டால் சண்டையாவது போடுங்கள். அவள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.