வில்லுக்கு வைத்த எண்ணெய்

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. வயசுப் பெண்களை வீட்டில் வைத்திருக்கப் பயந்து அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்த நேரம் அது. என் நாத்தனாருக்கும் அப்படித்தான் நாள் குறித்தார்கள்.

மேளக்காரர்களுக்கு எங்கே போவது? இருந்தவர்களையும் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போய்விட்டான். என் கணவர் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டுகிறவர்தான். ஆனால் பிடில் நன்றாக வாசிப்பார். நாத்தனார் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "புதுச் சீல வேணாண்ணே. சாவு வீட்டுக்குக்கூட தப்பு அடிக்கிறாங்க, நான் மட்டும் ஊமையா தாலி கட்டிக்கணுமா? நீ வாசிக்கணும்லா."

முதல் நாள் சாயங்காலம், துடைத்து வைக்கலாமென்று பிடில் பெட்டியைத் திறந்தேன். வில்லைப் பார்த்தால், ஐயோ பாவம்! அதில் கட்டியிருந்த குதிரைமுடி வறண்டு, பொடுகு பிடித்த தலை மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. முடி என்றால் எண்ணெய் வைக்க வேண்டாமா? தேங்காயெண்ணெய் கண்ணில் படாத காலத்தில், அம்மா கொடுத்தனுப்பியதில் ஒரு கரண்டி மட்டும் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். பொடியைச் சுத்தமாகத் துடைத்து, அந்த எண்ணெயை அப்படியே வில்லுக்குத் தடவி நீவிவிட்டேன். அவரிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு அவிக்கிற வேலையில் இருந்தவர், தாலி எடுக்கும்போதுதான் பிடிலைக் கையில் எடுத்தார். வில்லை இழுத்தார். சத்தமே இல்லை. மறுபடி இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. நாத்தனார் முகம் சுண்டிவிட்டது. அவர் வில்லை மோந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வில்லைக் கீழே வைத்தார். பிடிலை மடியில் கிடத்தி, விரலாலேயே தந்தியை மீட்ட ஆரம்பித்தார். மெல்லிய சத்தம்தான். அதைக் கேட்பதற்காகவே எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். தாலி ஏறியது. நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள்.

கூட்டம் கலைந்ததும்தான் விவரம் தெரிந்தது. அந்த வெள்ளைப் பொடி அழுக்கு இல்லையாம். ரோசின் என்கிற பிசின் கட்டியைத் தேய்ப்பதால் வருவதாம். அந்தச் சொரசொரப்பு இருந்தால்தான் தந்தி பேசுமாம். திட்டப்போகிறார் என்று குனிந்து நின்றேன். அவரோ காய்ந்து கிடந்த என் தலையைத் தடவி, "இருந்த எண்ணெய ஒன் தலைக்கு வச்சிருக்கலாம்லா, புள்ள" என்றார்.

வில்லைச் சாம்பல் தண்ணீரில் அலசிக் காயவைத்து, கட்டைவிரல் அளவு மிச்சமிருந்த ரோசினை என் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அதைத் தேய்ப்பது என் வேலை. கேட்காமல் எதையும் செய்யக்கூடாது என்று கற்றுக்கொண்டேன்தான். ஆனாலும் தலைக்கு எண்ணெய் வைக்கும்போதெல்லாம் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழுகிறது, அப்படி ஒரு திட்டு வாங்க யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது!