சகலையின் கையெழுத்து

சகலையைப் பார்த்தாலே ஃபிட்டருக்கு வயிறு எரியும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே மனைவிக்குத் தெரியும்.

அக்காளைக் கட்டியவர் ஃபிட்டர், தங்கையைக் கட்டியவன் சகலை. இருவருக்கும் ஒரே ரயில் ஷெட்டில், ஒரே எஞ்சினில் வேலை. சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பதினாறு கிலோமீட்டர் போய்த் திரும்பும் பழைய நீராவி எஞ்சின் அது. காலையில் முதல் ஆளாக வந்து, புகைப்பெட்டிக்குள் தலையை விட்டுக் கரி சுரண்டி, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட்டு, தீ மூட்டி, நீராவி ஏற்றி வைப்பவர் ஃபிட்டர். பத்து மணிக்கு இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து ஏறுகிறவன் சகலை. குழந்தைகள் கையாட்டுவது அவனுக்கு. ஃபோட்டோவும் அவனோடுதான். எஞ்சினுக்கு அடியில் கிடக்கிறவரை எவன் ஃபோட்டோ எடுப்பான்?

ஓட்டத் தெரியாதவரா அவர்? டிரைவர் பரீட்சையை இரண்டு பேரும் ஒரே நாளில்தான் எழுதித் தேறினார்கள். சகலைக்கு இரண்டு மார்க் கூட. அந்த இரண்டு மார்க்கைப் பன்னிரண்டு வருஷமாக அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

எஞ்சினுக்கு நூறு வயது நிறைந்தது. விழா ஓட்டத்துக்குச் சகலையின் பெயரைப் பலகையில் ஒட்டினார்கள். வீட்டில் மனைவிக்கு வாயெல்லாம் பல்.

"அவருக்கு அந்த டிரைவர் தொப்பி என்னமா பொருந்துது!"

"ஏன், என் தலைக்குப் பொருந்தாதா?"

"முதல்ல தலையில இருக்குற எண்ணெய்ப் பிசுக்கு போகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்டுவதற்கு டிரைவர் நிற்கும் இடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. அதன் மேலே ஒரு திருகு, கீழே ஒரு திருகு. கீழ்த்திருகு மூடியிருந்தால் கண்ணாடி பொய் சொல்லும். உள்ளே தண்ணீர் வற்றிக்கொண்டே போனாலும் நிறைந்திருப்பதாகக் காட்டும். வற்றிய பாய்லரைச் சூடேற்றினால் என்ன ஆகும் என்று ஷெட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால், ஃபிட்டர் பார்த்திருந்தாலும் டிரைவர் தன் கையால் திறந்து சோதித்த பிறகே சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சோதிக்காமல் போட்டால் அன்றைக்கு அவன் ஓட்டக்கூடாது. ஆனால் ஃபிட்டர் தயார் செய்த எஞ்சினைச் சகலை ஒருநாளும் சோதித்ததில்லை. சோம்பேறிப் பயல், சட்டை அழுக்காகிவிடுமாம் என்று ஃபிட்டர் மனசுக்குள் கறுவிக்கொண்டிருந்தார்.

விழா அன்று காலை கண்ணாடி நிறைந்திருந்தபோதே கீழ்த்திருகை மூடி வைத்தார்; நீராவி ஏற ஏற உள்ளே தண்ணீர் இறங்கியது. சகலை கையெழுத்துப் போட்டதும் ஷெட் மாஸ்டரிடம் சொல்ல வேண்டியது, அவனை இறக்குவார்கள், ஓட்டத் தெரிந்த அடுத்த ஆள் இவர்தான். வண்டியைக் கிளம்ப விடும் எண்ணமில்லை, அந்த அளவுக்குத் தான் கெட்டவனில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சகலை ஏறினான். பேனாவை எடுத்தான், சீட்டில் கையெழுத்துப் போட்டான். இருபது அடி தள்ளி ஷெட் மாஸ்டர் நின்றிருந்தார்.

"கண்ணாடி பார்த்துட்டியா?" ஃபிட்டர் கீழே நின்று கேட்டார்.

"வேற யார் தயார் பண்ணியிருந்தாலும் ரெண்டு தடவை பார்ப்பேன் சகலை. நீங்க கை வச்சதைத் திறந்து பார்த்தா, உங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடாதா?"

மாஸ்டரைக் கூப்பிட ஃபிட்டர் வாயைத் திறந்தார். ஆனால் கூப்பிடவில்லை. விறுவிறுவென்று மேலே ஏறினார். அவர் கை நேராகக் கீழ்த்திருகுக்குப் போய் அதைத் திறந்தது. கண்ணாடி நிறைய நின்ற தண்ணீர் சரசரவென்று இறங்கி அடியில் வந்து நின்றது.

சகலை திருகைப் பார்த்தான், கையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். இறங்கி மாஸ்டரிடம் போனான்.

"சார், கண்ணாடி சோதிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். திருகு மூடியிருந்தது. சகலைதான் கண்டுபிடிச்சாரு."

மாஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ரூல்னா ரூல்தான். இன்னைக்கு நீ ஓட்ட வேண்டாம். ஃபிட்டர், தண்ணிய ஏத்திட்டு நீங்க கிளம்புங்க!"

சகலை தொப்பியைக் கழற்றி அவரிடம் நீட்டினான்.

அவர் ஓட்டினார். வழி நெடுக ஜனங்கள் கையாட்டினார்கள். அவர் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் பெட்டியில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. வண்டி நின்ற இடத்திலெல்லாம், "என் சகலை இல்லேன்னா இன்னைக்கு அவ்வளவுதான்" என்று அதே பெட்டியில் ஏறியிருந்த சகலை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். காட்டிக் கொடுத்திருந்தால்கூடப் பரவாயில்லை. இவர் செய்த அயோக்கியத்தனத்தை மூடி மறைத்து, தன் இடத்தையும் கொடுத்துவிட்டு, அதிலும் அவனே ஒரு படி மேலே போய் நிற்கிறானே! வயிறு முன்னைவிட எரிந்தது.

மறுவாரம் சகலை பழையபடி வேலைக்கு வந்தான். குசலம் விசாரித்தான், சிரித்தான். சீட்டை நீட்டினார் ஃபிட்டர். அவன் அதை வாங்காமல் மேலே போனான். மேல்திருகை மூடித் திறந்தான். கீழ்த்திருகை மூடித் திறந்தான். மறுபடியும் மூடித் திறந்து, தண்ணீர் ஏறி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான். கை துடைத்துக்கொண்டு இறங்கி வந்து கையெழுத்துப் போட்டான்.

"சரியாத்தான் இருக்கு, சகலை" என்றான்.