மூன்றாவது அறிக்கை

சனி, ஞாயிறுகளில் நான் பெண் பார்க்கப் போவேன் என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். கல்யாணத்துக்கு அல்ல, கிரிக்கெட்டுக்கு. கிழமை நாட்களில் கவுன்சில் அலுவலகத்தில் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறேன். வார இறுதியில் மடக்குக் கதிரையும் குடையுமாகக் கிழக்கு லண்டன் மைதானங்களைச் சுற்றி, கழகங்களுக்கு ஆடும் பெண்களில் யார் தொழில்முறையாக ஆடத் தகுந்தவர் என்று எழுதிக் கொடுக்கிறேன். கோடை முடியும்போது அணிகள் முறை வைத்து ஆட்களை எடுக்கும் நாள் வரும். டிராஃப்ட் என்பார்கள். அதற்கு முன் ஒவ்வொருத்தியைப் பற்றியும் மூன்று பேர் தனித்தனியே அறிக்கை எழுதுவோம். எழுதியவர் பெயர் வெளியே போகாது.

அப்படி ஒரு பெண்ணை இல்ஃபோர்ட் பக்கத்து மைதானம் ஒன்றில் முதலில் பார்த்தேன். இருபத்தொரு வயது, வேகப்பந்து. இரண்டாவது ஓவரில் அவள் போட்ட பந்து வெளியே போவதுபோல் போக்குக் காட்டி உள்ளே திரும்பி விக்கெட்டைச் சாய்த்தது. ஆட்டமிழந்தவளின் முகத்தில் ஈயாடவில்லை. நான் என்னை மறந்து தமிழில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"அது என்ரை மகள்தான்" என்று சொல்லி, பிளாஸ்க்கைத் திறந்து எனக்கும் தேத்தண்ணீர் ஊற்றினார். என் மடியில் இருந்த குறிப்பேட்டைப் பார்த்தே நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்கும். ஆடும் பெண்களின் வீட்டாரோடு பேசக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. தேத்தண்ணீரை வேண்டாம் என்பது எங்கள் ஊரின் விதியில் இல்லை. அம்மா என்னை அண்ணை என்றதால் அன்று முதல் மகளுக்கு நான் மாமா ஆகிவிட்டேன்.

தாயும் மகளும் மட்டும்தான். அம்மா கட்டடங்கள் துப்புரவு செய்கிற வேலை. மகள் மருந்துக் கடையில் அரைநாள் வேலை, மீதி நேரம் பயிற்சி.

"என்னால இனி ரெண்டு ஷிப்ட் செய்ய ஏலாது அண்ணை, முழங்கால் விடுகுதில்லை. இந்த வருசம் எடுக்காட்டி விளையாட்டை விட்டிட்டு முழுநேர வேலைக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டாள். சொன்னால் செய்வாள்."

மூன்றாவது முறை பார்க்கப் போனபோது மகளே என் கதிரைக்குப் பக்கத்தில் புல்லில் வந்து உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினாள். "மாமா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. கனக்க ஓவர் போட்டால் இடது கணுக்கால் கொஞ்சம் நோகும். டொக்டர் பயமில்லை எண்டவர்." நான் அன்று முழுவதும் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஓவரிலும் வேகம் குறையவில்லை.

அறிக்கையை அலுவலகத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதினேன். "உடனே எடுக்கலாம்" என்று தொடங்கினேன். அப்போது போன வருடத் தேர்வுக் கூட்டம் நினைவுக்கு வந்தது. வேறொரு தமிழ்ப் பிள்ளையை நான் புகழ்ந்து எழுதியிருந்தேன். "யார், உங்கள் சொந்தக்காரியா?" என்று ஒருவர் கேட்டார். கெட்ட மனுஷர் அல்ல, பகிடிதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்பு ஒரு வருடமாக எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

எழுதியதை அழித்தேன். "திறமை உண்டு. ஆனால் பல ஓவர்கள் வீசியபின் இடது கணுக்கால் தாங்குமா என்பது சந்தேகம். இன்னும் ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கலாம்" என்று எழுதி அனுப்பினேன். அவளிடம் இன்னொரு வருடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பக்கச்சார்பு இல்லாத மனிதன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு சோற்றுப் பெட்டியைத் திறந்தேன். அது நேர்மை இல்லை, வெறும் பயம். இதை ஒப்புக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

டிராஃப்ட் முடிவுகளை எலிசபெத் லைன் ரயிலில் நின்றபடி போனில் பார்த்தேன். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. அவள் பெயர் இல்லை. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

மார்கழிக் குளிரில், இல்ஃபோர்ட் தமிழ்க் கடை ஒன்றில் மரக்கறி பார்த்துக்கொண்டிருந்தபோது "அண்ணை" என்று குரல் கேட்டது. தாயும் மகளும். மகள் மருந்துக் கடைச் சீருடையில் இருந்தாள். முழுநேர வேலையாம். அம்மா கைப்பையிலிருந்து மடித்த தாள்களை எடுத்தார். கேட்டால் அறிக்கைகளின் பிரதியைக் கொடுப்பார்கள், பெயர் மட்டும் இருக்காது.

"ரெண்டு பேர் எவ்வளவு நல்லா எழுதியிருக்கினம் பாருங்கோ. அதில ஒண்டு உங்கட எண்டு எனக்குத் தெரியும். இந்த மூண்டாவது ஆள்தான் பிள்ளையைக் கவிட்டது. எங்கட ஆக்களைக் கண்டாலே பிடிக்காத ஆரோ ஒருத்தன். ஆரெண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ அண்ணை."

நான் தாளைக் கையில் வாங்கினேன். என் வசனங்கள்தான்.

அம்மா முருங்கைக்காய் எடுக்க உள்ளே போனார். மகள் என் கையிலிருந்து தாளை வாங்கி மெதுவாக மடித்தாள்.

"கணுக்காலைப் பற்றி நான் உங்களுக்கு மட்டும்தான் சொன்னனான்."

நான் கையில் கிடைத்த கத்தரிக்காயை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லமாட்டன்" என்றாள். "இந்த ஊரில அவ அண்ணை எண்டு கூப்பிடுறது உங்களை மட்டும்தான்."

அம்மா முருங்கைக்காயோடு திரும்பி வந்தார். அதில் ஒரு கட்டு என் பையிலும் வைத்தார்.

"மறந்திடாதேங்கோ அண்ணை. அவன் ஆரெண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன். "கேட்டுச் சொல்லுறன்."