கனம் பார்த்து வாங்கிய பைனாகுலர்

ஜெரால்டு தலைக்குள் இருப்பது மூளை அல்ல, தராசு. காலமெல்லாம் துறைமுகத்தில் சரக்கு இறக்கிய மனுஷன், எதையும் கையில் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்பார். கனமாக இருந்தால் நல்ல பொருள். லேசாக இருந்தால் டுபாக்கூர். இந்த லட்சணத்தில் ஓய்வுபெற்றதும் நட்சத்திரம் பார்க்கிற ஆசை வேறு வந்துவிட்டது என்று அவர் மனைவி பிலோமினாவுக்கு எரிச்சல்.

பைனாகுலர் வாங்க இருவரும் கல்மண்டபம் கடைத்தெருவுக்குப் போனார்கள். பழைய கப்பல் சாமான் விற்கும் லியாகத் அலி, "மாடில நின்னுகினு பாக்கறதுக்கு இத்த எடு நைனா, கை வலிக்காது" என்று சின்ன பைனாகுலர் ஒன்றை நீட்டினார்.

"காத்துல பறக்கும் போல கீது. என் தலையில கட்டப் பாக்குறியா?" என்று அதைத் தள்ளிவிட்டு, அம்மிக்குழவி மாதிரி கிடந்த பித்தளைப் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டார் ஜெரால்டு. பிலோமினா தலையில் அடித்துக்கொண்டாள்.

இருட்டியதும் திருவொற்றியூர் வீட்டு மொட்டைமாடியில் அதை வானத்துக்குத் தூக்கினார். கை கிடுகிடுவென்று ஆடியது; நட்சத்திரமெல்லாம் கொசுவாகப் பறந்தது. தப்பு என்று ஒப்புக்கொள்வாரா? பைனாகுலரைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, எண்ணூர்ப் பக்கம் திருப்பினார்.

"செகப்பா ஒண்ணு ஆடாம நிக்குது பாரு. அதான் செவ்வாய் கிரகம்."

பிலோமினா குனிந்து நிதானமாகப் பார்த்தாள். ஆலைப் புகைபோக்கியின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆமாய்யா, சோக்கா தெரியுது. உன் செவ்வாய்ல ஏறி எறங்க இரும்பு ஏணிகூட கீது."