ஓடைக்கு எத்தனை அடி அகலம்?

எங்கள் ஓடைக்குப் பாலம் வடிவமைக்க இன்று ஒரு இன்ஜினியர் லேப்டாப்போடு வந்தார்.

"ஓடை எத்தனை அடி அகலமுங்க?"

"எந்த மாசத்துல கண்ணு?" என்றேன்.

"ஒரே நம்பர்தானுங்க போட முடியும்" என்று இன்றைய அகலத்தைத் தட்டினார். நொடியில் திரையில் பன்னிரண்டு பாலப் படங்கள் வந்தன.

இந்த வயதில்தான் படிக்கக் கற்றுவரும் நான், திரையின் கட்டத்தில் இருந்த 20-ஐ நானே படித்தேன். படித்த மகிழ்ச்சி அடங்குமுன் எரிச்சல் வந்தது. ஐப்பசியில் கரை தாண்டிப் பலாமரம் வரை அறுபது அடிக்குத் தண்ணீர் ஓடும். பேத்தி பள்ளிக்கூடம் போக முடியாது.

"அறுபது போடு கண்ணு."

"இது முதல் படந்தானுங்க, அப்புறம் மாத்திக்கலாம்."

"முதல்லயே தப்புன்னா, அப்புறம் எதை மாத்துவே?"

போட்டார். அந்த அகலத்துக்கு லேப்டாப்பிடம் பாலமே இல்லை. பன்னிரண்டும் மறைந்தன.

"ஒண்ணுமே வரலீங்களே!"

"ஐப்பசியில எங்களுக்கும் இப்படித்தான் கண்ணு."

உங்கள் ஊர் ஓடை எத்தனை அடி? மாதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.