பிசிறு வெட்டாத கூடு

இரண்டு வருடம் முன்பு, ஆனி மாதம். நகரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு விசைத்தறி ஓடும் ஷெட் ஒன்று இருக்கிறது. அந்த ஷெட்டிலும் அதன் எதிரே நிற்கும் வேப்ப மரத்தடியிலும்தான் இது நடந்தது.

நான் ஒரு பள்ளியில் ட்ராயிங் டீச்சர். தறி ஓட்டுவது என் வீட்டுக்காரர். தறியில் இருந்து கோணி கோணியாக வேஸ்ட் நூல் விழும். அதிகமும் பாலியஸ்டர், மக்காது. ஊரில் சிலர் அதைக் கொளுத்துவார்கள், சிலர் ஓடைப் பக்கம் கொட்டிவிட்டு வந்துவிடுவார்கள். நாணல் வளர்ந்த இடத்தில் இப்போது நூல் சிக்குதான் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். ஒருநாள், இந்த நூலை வைத்தே ஒரு சிற்பம் பின்னினால் என்ன என்று தோன்றியது. ஆளுயரத் தூக்கணாங்குருவிக் கூடு. பிரம்பு வளையங்களைக் கட்டி, அதன் மேல் பச்சையும் மஞ்சளும் காவியுமாக நூலைப் பின்னிப் பின்னி நாலு மாதம் ஓடியது. "ஊரே லுங்கி நெய்யுது, எங்க வூட்ல கூடு நெய்யறாங்க" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருப்பதியில் ஒரு பூங்காவில் கழிவுப் பொருள் சிற்பங்களுக்குக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஃபோட்டோ அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டின் பக்கத்தில் வைக்க ஒரு பலகையும் எழுதினேன். 'புல் இல்லாத ஊரில் குருவி எதை வைத்துக் கூடு கட்டும்?' ரொம்பப் பெரிய கேள்வி கேட்டுவிட்டதாக எனக்கே ஒரு மிதப்பு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெசவுக்காரர் வீட்டில் துணி மடிப்பதற்கு முன்னால் பிசிறு வெட்டுவோம். ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கள் ஷெட்டில் ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்ற வரும் ஒரு பெண், என்னைவிட இரண்டொரு வயது சின்னவள், கூட்டைப் பார்த்ததும் பிசிறு வெட்டவில்லையா என்றுதான் கேட்டாள். இது லுங்கி இல்லை, கலை, இதற்குப் பிசிறுதான் அழகு என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். என் குரலில் இருந்த டீச்சர்தனம் இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்குள் கூடு நுழையாததால் வேப்ப மரத்தில் தொங்கவிட்டேன். மறுநாளே சிட்டுக்குருவிகள் வந்து பிசிறை அலகால் பிடித்து இழுத்து எடுத்துக்கொண்டு போயின. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வீடியோ எடுத்து, 'குருவிகளுக்கு நூல் கொடுங்கள்' என்று எழுதி, தெரிந்த டீச்சர்களின் குரூப்புக்கெல்லாம் அனுப்பினேன். கண்காட்சி நடத்துகிறவர் திருப்பதியில் இருந்து போன் செய்து "சாலா பாகுந்தி மேடம்", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தெலுங்கில் பாராட்டினார். இன்னும் கொஞ்சம் பிசிறு விட்டால் குழந்தைகள் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். நானும் உட்கார்ந்து இழை இழையாகப் பிரித்து விட்டேன். இரண்டு பள்ளிகளில் மரத்துக்கு மரம் நூல் கட்டித் தொங்கவிட்டு ஃபோட்டோ அனுப்பினார்கள். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வியாழக்கிழமை கூட்டை ஏற்றிப் போக மினி லாரி வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் கரண்ட் போய் நான்கு தறியும் நின்றன. தறிச் சத்தம் நின்றதும்தான் இன்னொரு சத்தம் கேட்டிருக்கிறது. தார் சுற்றும் பெண் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் வாங்க. மீட்டர் பொட்டி மேல குருவி கத்திக்கினே கீது."

ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தோம். பழைய மீட்டர் பெட்டிக்கும் கூரைக்கும் நடுவில் கூடு. பாதி புல், பாதி என் பச்சை நூல். ஒரு குஞ்சு கூட்டுக்கு வெளியே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அசைவில்லை. உள்ளே இரண்டு குஞ்சுகள், இறக்கை முளைத்துப் பறக்கிற பருவம், எழுந்திருக்க முடியாமல் அடித்துக்கொண்டன. இரண்டின் காலிலும் நூல் சுற்றி இறுகியிருந்தது. கால் வளர வளர நூல் அறுந்து கொடுக்கவில்லை. புல்லாக இருந்தால் அறுந்திருக்கும்.

பதற்றத்தில் நூலைப் பிடித்து இழுக்கப் போனேன். அவள் என் கையைத் தடுத்தாள்.

"இஸ்க்காதீங்கக்கா, இன்னும் இறுகிடும். நம்ம நூலுதான, எனக்குத் தெரியும்."

உங்கள் நூல் என்று அவள் சொல்லியிருக்கலாம். நான் அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். ஒரு குஞ்சைத் தன் முந்தானையில் சுற்றி என் கையில் கொடுத்தாள். தாரில் விழுந்த சிக்கை எடுப்பதுபோலவே நூலின் நுனியைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தி, இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியால் வெட்டினாள். அந்தப் பொடி நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. முதல் குஞ்சுக்குக் கால் சிவந்திருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதன் பாதம் கறுத்துக் காய்ந்திருந்தது. நூலை எடுத்தாகிவிட்டது, பாதத்துக்கு உயிர் வரவில்லை. இரண்டையும் கூட்டில் விட்டுவிட்டு இறங்கினோம். செத்ததை வேப்ப மரத்தடியில் புதைத்தேன். அப்போதுதான் அழுதேன்.

பிசிறை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பு என்றார் என் வீட்டுக்காரர். அவருக்கும் அந்த நாலு மாதம் தெரியும் அல்லவா. கத்தரி எடுத்து ஒரு மணி நேரம் வெட்டினேன். வெட்டிய இடத்திலேயே விரலால் நெருடினால் புது இழை வந்தது. பூங்காவில் எத்தனை குருவி, மைனா இருக்கும் என்று யோசித்தேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் திருப்பதிக்குப் போன் செய்தேன், நடந்ததைச் சொன்னேன், கூட்டை அனுப்பவில்லை என்றேன். மேலே ஒரு வலை போட்டுக்கொள்ளலாமே என்றார் அவர். வலையும் நூல்தானே சார் என்று சொல்லிவிட்டேன்.

அதைவிடக் கஷ்டமான வேலை பாக்கி இருந்தது. என் பேச்சைக் கேட்டுத்தானே இரண்டு பள்ளிகளில் மரமெல்லாம் நூல் தொங்குகிறது? மறுபடி வீடியோ எடுத்தால் எல்லோருக்கும் முன்னால் தலைகுனிய வேண்டும். பொய் சொல்லக் கூடாது, சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மீட்டர் பெட்டியில் இருந்து குஞ்சு மறுபடி கத்தியது. அந்தக் கறுத்த பாதத்தையும் நூலையும் வீடியோ எடுத்தேன். 'நான் சொன்னது தப்பு. நூலை உடனே அவிழ்த்துவிடுங்கள்' என்று சொல்லி அனுப்பினேன். குரூப்பில் ஒருவர் சிரிக்கிற பொம்மை போட்டார். மெசேஜைப் பார்க்காதவர்கள் இருப்பார்களே என்று இரண்டு பள்ளிக்கும் போனே செய்தேன். சாயங்காலம் ஒரு டீச்சர் கூப்பிட்டு, பிள்ளைகளை வைத்து எல்லாவற்றையும் அவிழ்த்தாகிவிட்டது, கூடுகளையும் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை என்றார். இன்னொரு பள்ளியில் இரண்டு கூட்டில் நூல் இருந்ததாம், முட்டை இன்னும் பொரிக்கவில்லையாம், நூலை மட்டும் உருவி எடுத்துவிட்டார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மினி லாரி வர வேண்டிய வியாழக்கிழமை, நானும் தார் சுற்றும் பெண்ணும் ஷெட்டுக்குள் உட்கார்ந்து கூட்டைப் பிரித்தோம். பின்ன நாலு மாதம், பிரிக்க ஒரு நாள். அவள் பிசிறைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் மகளின் பரீட்சையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அந்தத் தயவை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போதும் சிற்பம் பின்னுகிறேன். வேஸ்ட் நூலில் பின்னுவது சுவருக்குள்ளேயே இருக்கும். வெளியே வைப்பதென்றால் பனை ஓலையும் கோரையும்தான். இரண்டு மழையில் மக்கிப் போகிறதே என்று கேட்பவர்களிடம், போகட்டும் என்கிறேன்.

குஞ்சுகள் இரண்டும் பறந்துவிட்டன. பாதம் போன குருவி இன்றைக்கும் சில காலைகளில் ஷெட் வாசலுக்கு வருகிறது. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி, நான் போடும் நொய்யைப் பொறுக்கிவிட்டு, என்னைக் கண்டு பயப்படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அது என்னை நம்பி வரும் ஒவ்வொரு காலையிலும், எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த மொழி எதுவும் அதற்குப் புரியாதே என்றுதான் இருக்கிறது.