மூன்றாவது பெட்டி

என் நாத்தனார் வரலட்சுமியைப் பெண் பார்க்க மூன்று குடும்பங்கள் வந்து போயின. மூன்று முறையும் பஜ்ஜி சுட்டவள் நான். தின்றுவிட்டுப் போனவர்கள், கன்னத்து அம்மைத் தழும்பைக் காரணம் சொல்லி, வேண்டாமென்று ஆள் அனுப்பினார்கள். பஜ்ஜி தீரும்வரை அந்தத் தழும்பு யார் கண்ணுக்கும் தெரியவில்லையா?

எழுபத்தொன்றாம் வருடம் அது. வரலட்சுமிக்கு இருபத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் திருகாணிகளைப் பொட்டலம் கட்டும் வேலை. முன்பு கூலிக்கு ஏர் ஓட்டிக்கொண்டிருந்த என் மாமனார் துலுக்கானம், அதே எஸ்டேட்டில் வாட்ச்மேன். வரலட்சுமி அதிர்ந்து பேசாதவள். மூன்றாவது குடும்பம் மறுத்த அன்று மட்டும் தன் அப்பா எதிரே போய் நின்றாள்.

“இனிமே யாரும் என்னைப் பாக்க வர வாணாம் நைனா. நான் போயி பாக்குறேன். எனக்குப் புடிச்சா வரச் சொல்லு.”

மாமனார் தலையாட்டிவிட்டு, தெரிந்தவர்களிடமெல்லாம் அப்படியே சொல்லி வைத்தார்.

ஸ்டேஷனில் பூ விற்கும் தாயம்மாதான் அடுத்த வரனைக் கொண்டுவந்தாள். சேக்காட்டுப் பையன், பெயர் பரந்தாமன், பெரம்பூர் ரயில்வே ஒர்க் ஷாப்பில் வேலை. பையனை அவள் பார்த்ததில்லை. அவன் அம்மா சொன்னதுதான். “டெய்லி ஏழு மணி வண்டி, மூணாவது பொட்டி. வாசல்ல நின்னுகினு வருவானாம்.”

தாயம்மா உட்காருவது பிளாட்பாரத்தின் கடைசியில், கார்டு பெட்டி நிற்கும் இடத்தில். அவளுக்கு ரயில் என்றால் அங்கிருந்துதான் ஆரம்பம். எந்தப் பக்கத்திலிருந்து மூன்றாவது என்று எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு வாரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கரி எஞ்சின் புகையோடு வண்டி வந்து நிற்கும். எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள் இறங்கி முடிப்பதற்குள் பட்டணத்துக்குப் போகிறவர்கள் முட்டிக்கொண்டு ஏறுவார்கள். பெட்டிக்குள் துண்டை விரித்துச் சீட்டு ஆடுகிறவர்கள் எதற்கும் தலை நிமிர மாட்டார்கள். மூன்றாவது பெட்டி வாசலில் ஒல்லியாக ஒருவர் நிற்பார். தினமும் ஒரு கீரைக்கார அம்மாவின் கூடையை முதலில் வாங்கி உள்ளே வைத்துவிட்டு, பிறகு அந்த அம்மாவுக்குக் கை கொடுப்பார். மழை தூறிய அன்றும் அப்படித்தான்.

சனிக்கிழமை வரலட்சுமி சொன்னாள். “இவரு போதும் அண்ணி.”

அடுத்த நாள் சேக்காட்டுக்காரர்கள் வந்தார்கள். காபித் தட்டோடு வந்த வரலட்சுமி மாப்பிள்ளையைப் பார்த்தாள். தட்டை என் கையில் கொடுத்தாள்.

“இவரு இல்ல.”

பரந்தாமனின் அம்மா விருட்டென்று எழுந்தாள். மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் உளறிக் குழறி விஷயத்தைச் சொன்னேன். பரந்தாமன் சிரித்துவிட்டான்.

“நான் எஞ்சின் பக்கத்துலேர்ந்து மூணாவது. நீங்க பாத்தது கார்டு பக்கத்துலேர்ந்து மூணாவது. அது எங்க ஷாப்பு லோகநாதன். தங்கமான மனுசன். இன்னும் கண்ணாலம் ஆவல.” அம்மாவை அழைத்துக்கொண்டு மரியாதையாகவே கிளம்பிப் போனான். அவனும் நல்ல பையன்தான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வரலட்சுமி என்னிடம் வந்தாள். “அவுருக்கும் என் மூஞ்சி புடிக்கலன்னா இன்னா அண்ணி பண்றது?”

அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றதும் நேராக அந்த வாசலுக்குப் போனாள். லோகநாதன் கீரைக் கூடையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்பினார்.

“உங்களத்தான். ஒரு வாரமா பாத்துகினு கீறேன். எனக்குப் புடிச்சிருக்கு. என் மூஞ்சிய நல்லா பாத்துக்குங்க. வாணாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

சீட்டாட்டம் நின்றுவிட்டது. கார்டு ஊதினார். லோகநாதன் அவளையே பார்த்துக்கொண்டு நிற்க, வண்டி நகர்ந்தது. அவரையும் கொண்டுபோயிற்று. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது வண்டி போயிருந்தது. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியிலிருந்து, டிபன் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒருவர் ஓடி வந்துகொண்டிருந்தார். அவள் எதிரே வந்து நின்று மூச்சு வாங்கினார்.

“உங்க ஊடு எந்தப் பக்கம்?”